பாப்பாவுக்கு எடுத்து வைத்த பழம்

கெட்டுப்போகிற எதையும் அவரால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தெருவில் யாரோ பழைய ஃப்ரிட்ஜைக் காயலான் கடைக்குப் போடப்போகிறார்கள் என்று காதில் விழுந்தால், சாப்பிடுகிற கையோடு எழுந்து போய்விடுவார். தேய்ந்த ரப்பர், பாதி எரிந்த ஊதுவத்தி, ஒரு காம்பு போன மூக்குக்கண்ணாடி, எல்லாவற்றுக்கும் அவரிடம் இன்னும் கொஞ்ச காலம் மிச்சமிருந்தது. "சாவலம்மா அது. களைச்சிப் பூட்டுது, அவ்ளோதான்" என்பார்.

அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் அவருடைய அப்பா கட்டிய வீடு. கீழே அவர், மாடியில் வாடகைக்கு நாங்கள். அறுபதை நெருங்குகிறவரை அண்ணா என்பதா, அங்கிள் என்பதா என்று குடிவந்த முதல் வாரம் முழுக்க யோசித்தேன். அப்படி எல்லாவற்றையும் யோசிக்கிறவள் நான். கடைசியில் அண்ணா என்று கூப்பிட்டேன். தனியாகத்தான் இருந்தார். மனைவி வியாசர்பாடியில் தன் அண்ணன் வீட்டில் இருப்பதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

வீட்டுக்குப் பின்னால், மூடிய கிணற்றை ஒட்டி ஒரு சப்போட்டா மரம். அதன் உச்சிக் கிளை எங்கள் சமையலறை ஜன்னலை உரசும். சப்போட்டா அழுத்தமான மரம். மாதக்கணக்கில் காய்களைச் சுமந்துகொண்டு ஒன்றும் சொல்லாமல் நிற்கும். பிறகு ஒரே வாரத்தில் இருநூறு, முந்நூறு காய் பறிக்கத் தயாராகிவிடும். பறித்துக் கூடையில் போட்டால் எல்லாம் ஒன்றாகப் பழுத்து, ஒன்றாக அழுகும். ஒற்றை ஆள் இருக்கிற வீட்டில் முந்நூறு சப்போட்டாவை என்ன செய்வது?

அவருக்குத் தெரிந்திருந்தது. காயின் மேல் நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பார். உள்ளே பச்சையாக இருந்தால் விட்டுவிடுவார், மஞ்சள் ஓடியிருந்தால் பறிப்பார். பால் வடிய வடிய வாளித் தண்ணீரில் போட்டு, மேலே படிந்த பழுப்புத் தூளைத் தேய்த்துக் கழுவி, கோணிப்பையில் உலர்த்துவார். அதில் ஒரு பங்கு அரிசி டிரம்முக்குள் போகும், இரண்டு மூன்று நாளில் பழுக்க. இன்னொரு பங்கு, கூடத்தில் இருந்த சிவப்பு ஃப்ரிட்ஜுக்குள். அதன் கதவைச் சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டியிருப்பார். அதில் குளிரை அவரே குறைத்து வைத்திருந்தார். ரொம்பக் குளிர்ந்தால் காய்க்குப் பழுக்கவே மறந்துபோகுமாம். நான் ஒருநாள் வாடகை கொடுக்கப் போனபோது அந்தக் கதவில் சாய்ந்துவிட்டேன். "சாயாதம்மா, உள்ள தூங்கிக்கினு கீது" என்றார். வாரத்துக்கு இருபது காயாக எழுப்பி டிரம்முக்கு மாற்றுவார். அதையும் மீறிப் பழுத்தவற்றைத் தோலுரித்து, கொட்டை எடுத்து, சல்லடையில் தேய்த்துக் கூழாக்கி, பைகளில் கட்டி, ஐஸ்கிரீம் கடையிலிருந்து வாங்கி வந்த பழைய ஃப்ரீசர் பெட்டியில் உறைய வைப்பார். ஒரு வாரத்தில் வந்த பழம் அவர் வீட்டில் நான்கு மாதம் இருந்தது.

ஒவ்வொரு பையிலும் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருக்கும். ரிப்பேருக்கு வரும் பாகங்களில் யாருடையது என்று எழுதிவைக்கிற பழக்கம். டீக்கடை. தையல் அம்மா. இஸ்திரி. எதிர்வீட்டு சுகர்காரர், அதற்குக் கீழே சின்னதாக, ஒண்ணுதான். டீக்கடை மாஸ்டர் அவரை விடமாட்டார். "நைனா, ஒரு வாரம் என்னையும் உன் பொட்டில வெச்சு எடேன், நரை நிக்கட்டும்" என்பார். "உன்னை வெச்சா பொட்டிக்குத்தான்டா ஜுரம் வரும்" என்று இவர் கிளாஸை வைத்துவிட்டு வருவார்.

மகளுக்கு ஏழு மாதம் ஆனபோது நான் வேலைக்குத் திரும்பினேன். அடையாறில் அலுவலகம், வாரத்துக்கு மூன்று நாள். அந்த மூன்று நாளைக்காகப் பாலைப் பீய்ச்சிச் சின்னப் பைகளில் உறைய வைத்திருந்தேன். ஒரு காலை எங்கள் ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. அவர் வந்து, நோயாளியைப் பார்ப்பதுபோல் அதன் முதுகில் காதை வைத்துக் கேட்டார். கம்ப்ரசர் போய்விட்டது, இரண்டு நாள் ஆகும் என்றார். நான் அழுதுவிட்டேன். ஃப்ரீசரைத் திறந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, முகம் மாறவும் இல்லை. பைகளை ஒரு பாத்திரத்தில் வைத்து எடுத்துக்கொண்டு கீழே போனார். ஐஸ்கிரீம் பெட்டியில் இருந்த தன் கூழில் பாதியை வெளியே எடுத்து, அது இளகுவதற்குள் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டு வந்தார். காலியான பக்கத்தில் பால் பைகளை அடுக்கி, ஒரு அட்டையைச் செருகியிருந்தார். பாப்பா சாப்பாடு, தொடாதே. தனியாக இருக்கிற வீட்டில் யாருக்கு அந்த எச்சரிக்கை என்று கேட்டுச் சிரித்தேன். "எனக்குத்தான்" என்றார். "தூக்கக் கலக்கத்துல தண்ணி எடுக்கப் போவேன்ல."

அந்தப் பாலை என் மகள் குடித்தாள். அதில் எனக்கு ஒரு தயக்கமும் வரவில்லை. பின்னால் நான் செய்ததை யோசிக்கும்போதெல்லாம் இதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

மகளுக்குப் பத்து மாதம் நடந்தபோது மரம் காய்த்துத் தள்ளியது. ஒருநாள் மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். டப்பாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்ததாகவும், கூழை இரண்டு முறை சல்லடையில் தேய்த்ததாகவும், சர்க்கரை போடவில்லை என்றும் வாசலில் நின்றே சொன்னார். உள்ளே வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.

என் ஃபோனில் அப்போது அம்மாக்கள் குழுக்கள் மூன்று இருந்தன. உறைய வைத்த பழம் கூடாது, புது உணவு கொடுத்தால் மூன்று நாள் பார்க்க வேண்டும், வெளியார் சமைத்தது ஒரு வயது வரை வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். டப்பாவைத் திறந்தபோது வாசனை நன்றாகத்தான் இருந்தது. பத்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு சிங்க்கில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன். மணல் மணலாகப் பழுப்பு நிறத்தில் சுழன்று போயிற்று. டப்பாவைக் கழுவி, வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று கொஞ்சம் கல்கண்டு போட்டுக் கொண்டுபோனேன். அந்த மரியாதையில் மட்டும் நான் குறை வைக்கவில்லை.

"பாப்பா சாப்ட்டுச்சா?" என்று கேட்டார்.

"நல்லா சாப்பிட்டாண்ணா" என்றேன்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. மறுநாளும் டப்பா வந்தது. அதற்கு மறுநாளும். அவர் கேட்கிற கேள்விகள் வளர்ந்தன. வாயைத் தானாகத் திறக்கிறாளா, ஊட்டிவிட வேண்டியிருக்கிறதா? முகத்தைச் சுளிக்கிறாளா? பள்ளியில் கேட்ட கேள்விக்கெல்லாம் முழுப் பதில் எழுதிப் பழகியவள் நான். ஸ்பூனைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள் என்று சொன்னேன். டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டாலே கையை நீட்டுகிறாள் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது நடந்ததுபோல் இருந்தது. என் கணவர் பக்கத்தில் நின்று கேட்டுச் சிரித்தார். பகலில் ஊட்டுவது நான் என்பதால் அவரும் நம்பினார். டீக்கடையைத் தாண்டிப் போகும்போது ஒருநாள் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "பாப்பா ஸ்பூனைக் கடிச்சிக்கினு வுட மாட்டேங்குதாமே? காலைல இருந்து இதையே சொல்லிக்கினு கீறாரு, டீ ஆத்த வுடல" என்றார்.

அதன்பிறகு வாடகை கொடுக்கப் போனபோது ஐஸ்கிரீம் பெட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டீக்கடை ஒன்று, இஸ்திரி ஒன்று. மற்ற பைகள் எல்லாவற்றிலும் ஒரே பெயர். பாப்பா.

நோட்டில் எழுதியிருந்த விதிகள்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய் என்று இப்போது சொல்ல முடியும். முதல் நாள் டப்பாவை நீட்டிய கையில், நகக்கண்களில், கறுப்பு இருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் கறுப்பு. அந்தக் கையால் தேய்த்த பழம் என் மகளின் வாய்க்குள் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பால் பைகள் மூடியிருந்தன. பழத்தை அவர் தொட்டிருந்தார். அவ்வளவுதான் விஷயம்.

நாத்தனாரின் வளைகாப்புக்குப் புடவை எடுக்க ஒரு சனிக்கிழமை தி. நகர் போனோம். நல்ல வெயில். கொதிக்க வைத்துக் கொண்டுபோன தண்ணீர் மூன்றாவது கடையிலேயே தீர்ந்துவிட்டது. மகள் பசியில் கத்தினாள். என் கணவர் பில் போடுகிற வரிசையில் நின்றார். கடையின் மூலையில் இருந்த தண்ணீர் கேனில் பிடித்து, சத்துமாவைக் கரைத்து ஊட்டினேன். கேனின் குழாயில் பாசிபோல் ஏதோ இருந்ததை ஊட்டி முடித்தபிறகுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை வாந்தி ஆரம்பித்தது. மதியத்துக்குள் பேதி, கண்கள் உள்ளே போய்விட்டன. பக்கத்துத் தெரு மருத்துவமனையில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். வெளியில் ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். என் கணவர் உடனே சொன்னார், கீழ்வீட்டிலிருந்து சப்போட்டாக் கூழ் வருகிறது, ஃப்ரீசரில் வைத்தது, தினமும் சாப்பிடுகிறாள். டாக்டர் எழுதிக்கொண்டார். அதை நிறுத்துங்கள் என்றார்.

ஊசி குத்திய மகளின் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஒரு வரி சொன்னால் போதும். மருந்து எப்படியும் இதேதானே, யார் சொல்லி என்ன மாறப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் கேனைப் பற்றியும் சொல்லவில்லை.

என் கணவர் உடைகள் எடுத்துவர வீட்டுக்குப் போனபோது கீழே சொல்லிவிட்டு வந்தார். கத்தவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாராம். மாலையில் கீழ்வீட்டு அண்ணா மருத்துவமனைக்கு வந்தார். வெளுத்த சட்டை, தலை சீவியிருந்தது. அறை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. உள்ளே வாங்கண்ணா என்றேன்.

"வேணாம்மா. ரெண்டு வாட்டி கை கழுவினேன். இருந்தாலும் வேணாம்" என்றார். பிறகு, "சாரு சொன்னாரு. எம்மேலதான் தப்பு. கரண்டு அப்பப்ப பூட்டு வந்துது, நான் பார்த்துக்கினு இருந்திருக்கணும்."

"உங்களால இல்லண்ணா" என்றேன்.

அது உண்மை. ஆனால் மரியாதைக்குச் சொல்கிற மாதிரிதான் என் குரல் வந்தது. அவரும் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். தலையை ஆட்டிவிட்டு, கதவுக் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் மகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். முற்றத்து வெயிலில் அவருடைய ஃப்ரிட்ஜுகளும் ஐஸ்கிரீம் பெட்டியும் திறந்து கிடந்தன. சோடா உப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவியிருந்தார். மரத்தடியில் புதிதாக மூடிய பள்ளம். உறைந்த கூழ், தூங்கிய காய்கள், டிரம்மில் பழுத்தவை, எல்லாவற்றையும் புதைத்துவிட்டார். தையல் அம்மா தன் பங்கையாவது கொடு என்று கேட்டாளாம். ஒரு குழந்தைக்கு ஆகாததை உனக்கு எதற்குத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். இதை அவளே படியேறி வந்து, என் மகளின் கன்னத்தைத் தடவிக்கொண்டு சொன்னாள். நான் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த முறை மரம் காய்த்தபோது அவர் பறிக்கவில்லை. நகத்தால் கீறிக்கூடப் பார்க்கவில்லை. காய்கள் மரத்திலேயே கனிந்தன. வௌவால்கள் கடித்துப் போட்டன. கீழே விழுந்தவை சிமெண்டுத் தரையில் பிளந்து கிடந்தன. கெட்டுப்போகிற எதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாத மனிதர், காலையில் பல் விளக்கிக்கொண்டே அவற்றைத் தாண்டிப் போவார். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். என்னைப் பற்றி அவர் என்ன நினைப்பார், என் கணவர் என்ன நினைப்பார் என்று மாலைக்குள் பின்வாங்கிவிடுவேன். இரண்டு மாதம் அப்படிப் போயிற்று.

மகள் நடக்க ஆரம்பித்திருந்தாள். பழத்தில் மொய்த்த ஈக்கள் மேலே வந்தன. என் கணவர் மறுபடியும் மரியாதையாகப் போய்ச் சொன்னார். அவர் உடனே ஒப்புக்கொண்டாராம். ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறான், மரத்தை எடுத்துவிடுகிறேன் என்றாராம்.

சனிக்கிழமை பிற்பகல் நான் கீழே போனேன். அவர் தரையில் உட்கார்ந்து ஒரு ஃப்ரிட்ஜ் கதவுக்குப் புது ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஸ்டூலைத் தள்ளிவிட்டார். நான் உட்காரவில்லை.

மரத்தை வெட்ட வேண்டாம் என்றேன். ஈ வருகிறது, குழந்தை இருக்கிற இடம் என்றார்.

"பாப்பாவுக்கு உடம்புக்கு வந்தது உங்க பழத்தால இல்லண்ணா. அவ அதைச் சாப்பிடவே இல்ல. தினமும் நான் கொட்டிட்டேன்."

அவர் கை நின்றது. நான் நிறுத்தவில்லை. தி. நகரில் பிடித்த தண்ணீர், டாக்டர் கேட்டபோது பேசாமல் இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் கொட்டினாய் என்று அவர் கேட்கவில்லை. நானாகவே ஃப்ரீசர் என்றேன், படித்தேன் என்றேன், பயம் என்றேன். நகங்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

கோபம் வரும் என்று நினைத்தேன். அல்லது தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல் பெருமூச்சு விடுவார் என்று நினைத்தேன். குழந்தையை நோயில் தள்ளியது தான் இல்லை என்று தெரிந்தால் போதாதா? அவர் கேட்டது வேறு.

"அப்போ, ஸ்பூனைக் கடிச்சிக்கினு வுட மாட்டேங்குதுன்னு சொன்னியே?"

"சும்மா சொன்னேண்ணா."

"டப்பா சத்தம் கேட்டா கையை நீட்டும்னியே?"

அவர் ரப்பரை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடியும் கீழே வைத்தார். பழியோடுகூட அவரிடம் இன்னொன்றும் இருந்திருக்கிறது. இத்தனைக்குப் பிறகும், தன் பழம் அந்தக் குழந்தைக்குப் பிடித்திருந்தது என்பது அவரிடம் மிச்சமிருந்தது. நான் இரண்டையும் சேர்த்து எடுத்துவிட்டிருந்தேன்.

"ஒரு வாய்கூடவா குடுக்கல?" என்றார்.

உண்மையைச் சொல்லத்தான் இறங்கி வந்திருந்தேன்.

"ஒரு தடவை குடுத்தேண்ணா" என்றேன். "முதல் நாள். ஒரு ஸ்பூன். நக்கிப் பார்த்துட்டுச் சிரிச்சா."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பினாரா, நம்ப முடிவு செய்தாரா, எனக்குத் தெரியாது.

"அதான பார்த்தேன்" என்றார்.

சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து, நாளைக்கு வர வேண்டாம் என்று மரம் வெட்டுகிறவரிடம் சொன்னார். பிறகு என்னிடம், சாரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதே, வீட்டுக்குள் வீண் பேச்சு வரும் என்றார். நான் சொல்லவில்லை. என் கணவருக்கு இதைப் படித்தால்தான் தெரியும். கிளம்பும்போது அவர் பின்னாலிருந்து சொன்னார்: "இனிமே நானா குடுக்க மாட்டேம்மா. பாப்பாவுக்கு வேணும்னா நீ வந்து கேளு. பறிச்சு, உன் கண்ணு முன்னாடியே கழுவித் தரேன். எம் முன்னாடி ஒரு வாய் ஊட்டு, போதும்."

அடுத்த வாரமே, மரத்தில் மிச்சமிருந்தவற்றைப் பறிக்க ஆரம்பித்தார். டீக்கடைக்கும் இஸ்திரிக்கும் பைகள் போயின. எங்களுக்கு வரவில்லை. பறிக்கிற நாட்களில், கழுவிய காய்களை உலர்த்திவிட்டு, படிக்கட்டின் அடியில் சற்று நிற்பார். ஒருமுறை மேலே பார்ப்பார். நான் ஜன்னலைவிட்டுத் தள்ளி நின்றுகொள்வேன். இறங்கிப் போய்க் கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். கேட்டால் ஊட்ட வேண்டும். அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவள் அதைத் துப்பிவிட்டால்? ஏழு மாதம் கழித்து நங்கநல்லூருக்கு வீடு மாறினோம். அதுவரைக்கும் நான் கேட்கவில்லை.